பழைய மேஜிக் ஸ்கூல் பஸ் சிடியை இரண்டாம் ஆண்டுப் பையனுக்குக் கொடுக்கலாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒரு பெட்டி நிறையப் பழைய சிடிகள் உங்களுக்கு வந்திருக்கின்றன. அதில் மேஜிக் ஸ்கூல் பஸ் விளையாட்டுகள் இரண்டு, ஒன்று மனித உடல், இன்னொன்று சூரியக் குடும்பம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் அந்தத் தொடரை விரும்பிப் பார்க்கிறான். கொடுக்கலாமா, இன்றைய கணினியில் ஓடுமா, முப்பது வருசத்துக்கு முந்தைய அறிவியல் தப்பாகப் பதிந்துவிடுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "கார்ட்டூன் பார்க்கிற நேரம்தான் இன்னும் கூடுமோ" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். பையன் இதில் உண்மையாகவே எதையாவது கற்றுக்கொள்வானா என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றவை பின்னால் வரட்டும்.

நான் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், பல ஆண்டு கணினி அறையையும் பார்த்துக்கொண்டவன். இந்த வரிசைச் சிடிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். என் பதில் இதுதான்: கற்றுக்கொள்வான். ஆனால் சிடி பாதி வேலைதான் செய்யும், மீதிப் பாதி கணினியை மூடிய பிறகு அவனோடு நீங்கள் பேசுவதில் இருக்கிறது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பெரும்பாலும் சிரித்ததுதான் அவன் நினைவில் நிற்கும்.

முதலில் இது என்ன மாதிரிப் பொருள் என்று பார்ப்போம். ஜோனா கோல் எழுதி புரூஸ் டீகன் படம் வரைந்த புத்தகங்களாக 1986இல் தொடங்கியது இந்த வரிசை. ஃபிரிஸில் என்ற டீச்சர், சுருங்கவும் பறக்கவும் தெரிந்த மந்திர பஸ்ஸில் தன் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அறிவியல் பார்க்கப் போவதுதான் கதை. அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 1994 முதல் 1997 வரை 52 பகுதிகளாக வந்தது. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியும் அதற்கு இருந்தது, அதாவது அறிவியல் சொல்லிக்கொடுக்கத்தான் எடுத்தார்கள், பொம்மை விற்க அல்ல. தொடர் தொடங்கிய அதே 1994இல் மைக்ரோசாஃப்ட் இந்தச் சிடிகளை வெளியிட ஆரம்பித்தது, உங்களிடம் இருக்கும் இரண்டும் அந்த ஆண்டில் வந்தவை. மனித உடல் சிடியில் பஸ் அந்த வகுப்புப் பையன் ஆர்னால்டின் உடம்புக்குள் போய்விடும். பிள்ளை பஸ்ஸை ஓட்டிக்கொண்டு உறுப்பு உறுப்பாகப் போகலாம், போகிற இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கலாம், சின்னச் சின்ன விளையாட்டும் சோதனையும் உண்டு, வகுப்புப் பிள்ளைகள் எழுதினது போல குட்டிக் கட்டுரைகளும் உண்டு. தோற்றுப்போனாய், மறுபடி முதலிலிருந்து வா என்று விரட்டுகிற விளையாட்டு இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கூச்சப்படுகிற பிள்ளைகள், வகுப்பில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயே திறக்காத பிள்ளைகள், இந்த மாதிரி இடத்தில் தைரியமாகக் கை வைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பதால் என்ன லாபம் என்று கேட்டால், லாபம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே வேலையை செசமி ஸ்ட்ரீட் தொடரில் வரும் எல்மோ பொம்மை செய்து காட்டிய வீடியோவிலிருந்து குழந்தைகள் கற்றுக்கொண்ட அளவுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பொம்மை செய்து காட்டியதிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. தெரிந்தவர் சொன்னால் மனம் சீக்கிரம் ஏற்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் இரண்டு வயது கூட நிரம்பாத குழந்தைகள், அதை அப்படியே உங்கள் ஏழெட்டு வயதுப் பையனுக்குப் பொருத்த முடியாது. என் அனுபவத்தில் இந்த வயதில் தெரிந்த முகம் செய்கிற உதவி வேறு மாதிரி: யார் யார், பஸ் ஏன் சுருங்குகிறது என்று விளக்கத் தேவையில்லாததால் பிள்ளை நேராக விஷயத்துக்குள் போய்விடுகிறான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், உங்கள் மகன் பார்ப்பது பழைய தொடரா, 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த புதியதா? புதியதில் டீச்சராக வருவது பழைய ஃபிரிஸில் டீச்சரின் தங்கை, வகுப்பில் ஜோதி என்று ஒரு பெண்ணும் இருக்கிறாள். சிடியில் அவர்கள் இருவரும் கிடையாது. பையன் ஜோதியைத் தேடுவான். முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய தொடரில் இரண்டு மூன்று பகுதிகளை அவனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிடிக்குப் போங்கள்.

அடுத்தது, ஒரு கல்வி விளையாட்டு நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை. விளையாட்டிலிருந்து பாடத்தை உருவி எடுத்துவிட்டு வேறு பாடத்தைச் செருகினால் விளையாட்டு அப்படியே ஓடுமா? ஓடும் என்றால் அங்கே பாடம் வெறும் ஒட்டுதான். மூன்று கணக்குக்கு விடை சொல்லு, அப்புறம் குரங்கைக் குதிக்கவிடுகிறேன் என்கிற வகை. அதில் பிள்ளை குரங்குக்காகக் கணக்கைச் சகித்துக்கொள்வான். இது என் கருத்து மட்டும் இல்லை. ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு விளையாட்டு ஒன்றை இரண்டு விதமாகச் செய்து கொடுத்தார்கள். ஒன்றில் வகுத்தால்தான் எதிரியை வீழ்த்த முடியும், இன்னொன்றில் சண்டை தனி, கணக்கு ஒவ்வொரு கட்டத்தின் முடிவில் தனி. முதல் வகையில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள், எது வேண்டும் என்று விட்டபோது அதில்தான் ஏறக்குறைய ஏழு மடங்கு நேரம் செலவழித்தார்கள். ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு விளையாட்டு, அதை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் வகுப்பறையில் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. 2003இல் மலேசியாவில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டரோடு பாடச் சிடிகளும் வந்தன, இங்கே படித்த பலருக்கு நினைவிருக்கும். நான் பயன்படுத்தியவற்றில் பெரும்பாலும் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போகிற பக்கங்கள்தான். பிள்ளைகளின் கை நகர்ந்ததே தவிர மனம் நகரவில்லை.

மேஜிக் ஸ்கூல் பஸ் இந்தச் சோதனையில் பாதிதான் தேறும். உடம்புக்குள் வழி கண்டுபிடித்துப் போவது பாடமேதான், அது முதல் தரம். ஆனால் அங்கங்கே தட்டினால் சத்தம் போடுகிற, குதிக்கிற வேடிக்கைகளுக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளைகள் முதலில் அதைத்தான் தேடித் தேடித் தட்டுவார்கள். தடுக்காதீர்கள், முதல் சில தடவை அப்படியே விடுங்கள். எல்லா வேடிக்கையும் தெரிந்துபோன பிறகுதான் அவர்கள் இந்தக் குழாய் எங்கே போகுது என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

சரி, கற்றுக்கொண்டானா என்று எப்படித் தெரியும்? இதற்கு நான் நம்புவது ஒரே ஒரு வழி, ஒரு தாளும் பென்சிலும். சிடியைக் கொடுப்பதற்கு முன்னால் ஓர் உடம்பின் கோட்டுப்படம் வரைந்து கொடுத்து, நீ காலையில் தின்ன தோசை வாயிலிருந்து எங்கெல்லாம் போகும், வரை என்று சொல்லுங்கள். திருத்தாதீர்கள், எடுத்து வையுங்கள். ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் நான் பார்த்த படம் ஒன்று உண்டு: வாயிலிருந்து இரண்டு குழாய், ஒன்று சோற்றுக்கு, ஒன்று தண்ணீருக்கு. தண்ணீர்க் குழாய் நேராகக் கீழே சிறுநீருக்குப் போய்விடும். பிள்ளையின் கோணத்தில் அது நல்ல யோசனை, உள்ளே போவதும் வெளியே வருவதும் இரண்டு விதமாக இருக்கும்போது வழியும் இரண்டாகத்தானே இருக்க வேண்டும். இன்னொரு படம், வயிறு என்று ஒரு பெரிய பை, தோசை அதில் விழுந்து கிடக்கும், அவ்வளவுதான், அதற்குமேல் வழியே இல்லை. ஒரு வாரம் பத்து நாள் விளையாடிய பிறகு அதே போல் இன்னொரு தாள் கொடுத்து மறுபடி வரையச் சொல்லுங்கள். இரைப்பைக்குப் பிறகு நீளமாகச் சுருண்ட குடல் வந்திருக்கிறதா, சத்து அங்கிருந்து இரத்தத்துக்குப் போகிறது என்று ஒரு கோடாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிடி வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர்க் குழாய் அப்படியே இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அந்த எண்ணம் பையன் மனதில் இருப்பது சிடிக்குத் தெரியாது, அவன் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. அங்கேதான் நீங்கள் வேண்டும்.

அந்தப் பேச்சு பாடம் நடத்துவது போல இருக்கக் கூடாது. சாப்பிடும்போது புரையேறினால் நம் வீடுகளில் தலையில் தட்டி, யாரோ உன்னை நினைக்கிறாங்க என்போம். அன்றைக்குக் கேளுங்கள், ஏன்டா புரையேறுது? மூச்சுக் குழாயும் உணவுக் குழாயும் தொண்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, விழுங்கும்போது மூச்சுக் குழாயை ஒரு மூடி மூடிக்கொள்ளும், பேசிக்கொண்டே விழுங்கினால் அது தவறிப்போகலாம். இதைச் சொன்னதும் பையன் எழுந்து போய்ச் சிடியில் தொண்டையைத் தேடினான் என்றால் விளையாட்டு கல்வியாக மாறிவிட்டது. நேரத்தைப் பற்றியும் பேசுங்கள், ஏனென்றால் சிடி தவறாகப் பதியவைக்கக்கூடிய பெரிய விஷயம் அதுதான். பஸ் ஒரு நிமிசத்தில் இரைப்பையைத் தாண்டிவிடும். நிஜத்தில் சாப்பாடு இரைப்பையிலேயே சில மணி நேரம் கிடக்கும், முழுப் பயணமும் முடிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும், பெரியவர்களின் சிறுகுடல் மட்டுமே சுமார் 6 மீட்டர் நீளம். வீட்டில் துணி காயப்போடும் கயிற்றை எடுத்து 6 மீட்டர் அளந்து கூடத்தில் விரித்துக் காட்டுங்கள்.

சிடி பேசுவது ஆங்கிலம், அதுவும் வேகமான அமெரிக்க ஆங்கிலம். உங்கள் மகன் அறிவியலைத் தமிழில் படிக்கிறான் என்று நினைக்கிறேன், டிஎல்பி வகுப்பாக, அதாவது அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்ட வகுப்பாக இருந்தால் இந்தக் கவலை கொஞ்சம் குறையும். எப்படி இருந்தாலும் இந்த வயதில் வசனத்தில் நிறைய அவனைத் தாண்டிப் போய்விடும், படத்தை வைத்துத்தான் புரிந்துகொள்வான். அதனால் விளையாட்டு முடிந்ததும் என்னடா பார்த்தே என்று தமிழில் அவன் வாயால் சொல்லவையுங்கள். சொல்லும்போதுதான் புரியாத இடத்தில் தடுக்கி நிற்பான், அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமா மகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வந்தால் ஒரே கணினியில் இருவரையும் உட்காரவையுங்கள். கணினி பற்றாக்குறையால் எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தோம், தனியாக இருந்தவர்களைவிட ஜோடியாக இருந்தவர்கள் நிறையப் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள், அந்தச் சண்டையில் பாதி அறிவியல் சண்டையாகவே இருந்தது.

பழைய அறிவியல் பற்றிய பயம் உங்களுக்கு இருக்கிறதே, அதில் உடம்பு சிடிக்குப் பெரிய ஆபத்து இல்லை. குடலும் இதயமும் முப்பது வருசத்தில் மாறிவிடவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படம் அந்தக் காலத்துப் பயிற்சி நூல்களில் நிறைய வந்தது, அது தவறு, எல்லாச் சுவையும் நாக்கு முழுவதும் தெரியும். உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த இரத்தத்தைப் பல படங்கள் நீலமாகக் காட்டும், நிஜத்தில் அது அடர் சிவப்பு. இவை சிடியில் வந்தாலும் வேறு எங்கே வந்தாலும் திருத்திவிடுங்கள்.

சூரியக் குடும்பம் சிடிதான் உண்மையாகவே பழசாகிவிட்டது. அது வந்தபோது புளூட்டோ ஒன்பதாவது கோள், 2006இல் அனைத்துலக வானியல் சங்கம் அதைக் குறுங்கோள் என்று மாற்றியது. அப்போது வியாழனுக்குத் தெரிந்த நிலவுகள் 16, இன்று 90க்கும் மேல். சனிக்கு 2025இல் எண்ணிக்கை 274 ஆனது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலையில் புளூட்டோவை நெருங்கிப் படம் எடுக்கும்வரை அதன் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிடியில் புளூட்டோவைப் பார்த்துவிட்டு இணையத்தில் அந்த 2015 படத்தைக் காட்டினால், நாம் பிறந்த பிறகும் அறிவியல் திருந்திக்கொண்டே இருக்கிறது என்பது பையனுக்குத் தானாகத் தெரியும். அதை எந்தப் பாடநூலாலும் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

இதே தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. முதல் பகுதியில் ஆர்னால்ட் புளூட்டோவில் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுவான், அதனால் அவனுக்குச் சளி பிடித்ததோடு சரி. சுழியத்துக்குக் கீழே 230 டிகிரி அளவு குளிர், மூச்சுவிடக் காற்றும் இல்லை, அங்கே அப்படிச் செய்தால் உயிர் தங்காது. இப்படிப்பட்ட கற்பனைகளைத் தொடர் சும்மா விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் காட்டியது இப்படி நடக்காதே என்று கேட்பார்கள், தயாரிப்பாளர் பாத்திரம் ஆமாம், இது கதைக்காக என்று ஒத்துக்கொள்ளும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். வீட்டிலும் அதையே செய்யுங்கள், இன்றைக்கு விளையாடியதில் எது நிஜம், எது சும்மா என்று பையனே உங்களுக்குப் போன் போடுவது போல நடிக்கட்டும். இந்த வயதுக்கு அது தேர்வைவிட நல்ல தேர்வு.

இனி ஓடுமா என்ற கேள்வி. நேராகப் போட்டால் ஓடாது. 1994ஆம் ஆண்டுச் சிடிகள் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருள், இன்றைய 64-பிட் விண்டோஸ் அதை ஏற்காது, விண்டோஸ் 11இல் 64-பிட் தவிர வேறு வகையும் இல்லை. பழைய மென்பொருளை ஓட்டவைக்கும் ஒத்தியல்பு (compatibility) என்ற தெரிவைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது இதற்கு உதவாது. வழி இரண்டு. உறவினர் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய 32-பிட் கணினி மூலையில் கிடந்தால் அதுவே சுலபம், இணையத்தில் மட்டும் இணைக்காதீர்கள், பாதுகாப்பு இல்லை. திரையை 256 வண்ணத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இப்போதைய கணினிக்குள்ளேயே பழைய கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் விண்டோஸ் 3.1 போட்டு, அல்லது கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸ் போட்டு ஓட்டலாம், பழக்கப்பட்டவருக்கு ஒரு மாலை நேர வேலை. மடிக்கணினியில் சிடி தட்டு இல்லை என்றால் யூஎஸ்பியில் செருகும் வகை கொம்தார் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள். ஓடியதும் முதல் வேலையாகச் சிடி முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற வகையில் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கீறல் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. இலவசமாக இறக்கலாம் என்று சொல்லும் தளங்கள் வேண்டாம், பழையது என்பதால் உரிமை போய்விடாது, அந்தக் கோப்போடு என்ன சேர்ந்து வரும் என்பதும் தெரியாது. அந்தப் பெட்டியில் புளூஸ் குளூஸ் என்ற சின்னப் பிள்ளைகள் தொடரின் சிடி ஏதும் இருந்தால், அதாவது ஹியூமங்கஸ் நிறுவனம் செய்தவை, அவற்றுக்கு ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும், ஆனால் அவை இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு.

நேரம் கூடுமோ என்ற கவலைக்கு நான் சொல்வது, தொடர் பார்க்கும் நேரத்திலிருந்து எடுத்துச் சிடிக்குக் கொடுங்கள், மேலே சேர்க்காதீர்கள். கண், தூக்கம் பற்றிய கேள்வி என் துறை இல்லை, அதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப விளையாடுகிறானே என்று மட்டும் சலித்துக்கொள்ளாதீர்கள். புளூஸ் குளூஸ் தொடரின் ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து பார்த்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டு, திரையோடு சேர்ந்து அதிகம் பதிலும் சொன்னார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன், ஆனாலும் திரும்பச் செய்வது வீண் இல்லை என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

உடம்பு சிடியை முதலில் எடுங்கள். பல், உணவு வகை, செரிமானம் எல்லாம் அவனுக்கு மூன்றாம் ஆண்டில் வரும், சுவாசம் நான்காம் ஆண்டில், எலும்பும் இரத்த ஓட்டமும் ஐந்தில், ஆக இது அவசரமாகப் படித்து முடிக்க வேண்டிய பொருள் இல்லை. முதலில் வரைந்த தாளில் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு செரிமானப் பாடம் வரும்போது அறிவியல் டீச்சரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்துவிடுங்கள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.